பாக்க வந்தவருக்கு

செருப்போடயே வாங்க, பரவால்லீங்க.
வண்டி பின்னால நிக்குது,
நாத்து வலைக்கூடாரத்தத் தாண்டி.
நீங்க கைவெக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிப்போடறேன்.
புளியம்பட்டிக்காரி ஏமாத்திட்டானு
பல்லடம் பூரா பேச்சாகக் கூடாது பாருங்க.

ரெண்டாயிரத்து ஏழு மாடல்.
எனக்கு முன்னால மூணு கை.
மூணாவது கை ஒரு பல் டாக்டரு,
பல்லப் பாத்த அளவுக்கு ஆயிலப் பாக்கல.
வாங்கி நாப்பதாம் நாளு
பண்ணாரி செக்போஸ்ட்டுல
பானட்டுக்குள்ள இட்லிக் குண்டாவாட்ட ஆவி.
ஹெட் கேஸ்கட். முப்பத்தெட்டாயிரம்.
அந்த வருசம் தக்காளி நாத்து
ஒண்ணு நாப்பது பைசாவுக்குப் போச்சு.
தொண்ணூத்தஞ்சாயிரம் நாத்துங்க.
நான் அன்னைக்கே வகுத்துப் பாத்துட்டேன்.

அறுபதுல போனா ஒரு ரீங்காரம் கேக்கும்.
வீல் பேரிங்.
ரேடியோ போட்டா தெரியாது.
ரேடியோ ஓடாது.

இப்பச் சொல்றதுதான் முக்கியம், குனிஞ்சு பாக்கறத விடுங்க.
நாலு சக்கரமும் இழுக்கற வண்டிக்கு ஒரு சட்டம் உண்டு.
ஒரு டயர் கிழிஞ்சா நாலையும் மாத்தோணும்.
புதுசு ஒரு சுத்துச் சுத்தறதுக்குள்ள
தேஞ்சது ஒண்ணே கொஞ்சம் சுத்தும்.
அந்தக் கொஞ்சத்த
நடுவால இருக்கற பொட்டி
ஆருகிட்டயும் சொல்லாமத் தாங்கிக்கிட்டே கெடக்கும்,
காஞ்சு காஞ்சு, ஒருநாள் செத்துப்போகும்.
தெரியாமப் போச்சு.
நான் ஒத்த டயர் மட்டும் போட்டேன்,
மூணு டயர் காசு மிச்சம்னு
வர்ற வழில முறுக்கெல்லாம் வாங்கிட்டு வந்தேன்.

புதுப் பொட்டி எழுபத்திரண்டாயிரம்னாங்க.
உக்கடத்துல, அடிபட்ட வண்டில இருந்து கழட்டினது
பத்தொம்பது. கூலி ஆறு.
காஜா மைதீன் பழசப் பிரிச்சாரு,
கருகின எண்ணெய விரல்ல தொட்டு மோந்தாரு,
"ஒத்த டயர் ஆருங்க்கா போட்டது?"
எங்க வீட்டுக்காரர்னு சொல்லிட்டேன்.
அவரு இந்த வண்டியத் தொட்டதே இல்லீங்க.

சிரிக்காதீங்க.
இன்னும் புஷ் இருக்குது, பதினொண்ணு நானூறு.
ஏசி காத்து வரும், குளுராது.
எஃப்சி மார்ச்சோட முடியுது.
எல்லாம் இந்த நோட்டுல தேதி போட்டிருக்கேன்,
கடசிப் பக்கத்தக் கூட்டிப் பாத்தா
வண்டி வெலையத் தாண்டி நிக்குது.

அப்பறம் எதுக்கு வச்சிருந்தீங்கன்னா கேக்கறீங்க?

போன ஐப்பசில தாளவாடிக்கு அக்கட்ட
முட்டைக்கோசு நாத்து எறநூறு தட்டு.
மானம் கிழிஞ்சு கொட்டுது.
டிராக்டரே எறங்கிக் கெடக்குது,
மாதேவப்பா வரப்புல சாக்கப் போத்திக்கிட்டு நிக்கறாரு,
கன்னடத்துல என்னமோ சொல்றாரு, வராதேன்னு இருக்கும்.
நாத்துக்கு அன்னைக்கு இருபத்தெட்டு நாளு,
இன்னும் ரெண்டு நாள் போனா ஆட்டுக்குத்தான்.
உட்டுட்டேன்.
முன்சக்கரம் சேத்துல சும்மா சுத்துச்சு,
ஒரு மூச்சு விடற நேரம்,
ஒண்ணுமே இல்ல.
அப்பறம் பின்னால இருந்து
ஆரோ எறங்கித் தோள் குடுத்தாப்பல
ஒரு தள்ளு.

அந்தத் தள்ளுக்குத்தான் இருபத்தஞ்சாயிரம்.

ஒண்ணு முப்பதா?
கேளுங்க, கேக்கறதுல தப்பில்ல.
ஒண்ணே முக்காலுக்குக் கொறஞ்சு
பேசறதுன்னா டீயக் குடிச்சுட்டுப் பேசலாம்.

ஆங், ஹேண்ட் பிரேக் புடிக்காது.
பின்சக்கரத்துல பாருங்க, ஒரு கல்லு,
அந்தச் சேத்துக்குள்ள இருந்து வந்தது.
சாவி இந்தாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க.
கல்ல மட்டும் நீங்க எடுக்க வேண்டாம்.
இருங்க,
அத நான் எடுக்கறேன்.