பதினேழாவது கேள்வி

"மின்கம்பத்தில் எத்தனை ஆண்டுகள்?"
முப்பத்தொன்று என்று எழுதுகிறேன்.
கில்பேரின் விரல்களுக்குள் இப்போது
பேனா நிற்பதில்லை.

"விபத்துகள்?"
ஒன்றுமில்லை.
அதற்காக மேடையேற்றி ஒரு கடிகாரம் கொடுத்தார்கள்.
விழவில்லை, கருகவில்லை.
மைனஸ் முப்பத்தெட்டில்
லா சார் ஊருக்கு வெளிச்சம் திரும்பும்வரை
மேலேயே நின்றான். இறங்கியபோது
மீசையில் இரண்டு மயிர்
கண்ணாடிபோல் ஒடிந்தது.

"எந்தெந்த வேதிப்பொருட்கள்?"
பெயர் யாருக்குத் தெரியும், டாக்டர்?
எண்ணெய் என்றுதான் சொன்னார்கள்.
டிரான்ஸ்ஃபார்மர் வயிற்றிலிருந்து வடித்த
தேன் நிற எண்ணெய்.
ஜூன் மாதக் கொசுவுக்குப் பயந்து ரோமேயோ
அதைக் கழுத்தில் பூசிக்கொண்டான்.
எல்லோரும் பூசிக்கொண்டார்கள்.
கை கழுவியதும் அதில்தான்,
கிரீஸ் அவ்வளவு சுத்தமாகப் போகுமாம்.
ரோமேயோவைப் புதைத்து மூன்று வருஷம்.
கல்லீரல். குடிகாரன் என்றார்கள்.
குடித்தான்தான்.

கம்பங்கள் தார் குடித்து வரும்.
வெயிலில் அது கசியும்,
கட்டிப்பிடித்து ஏறுகிறவனின் முன்கை கொப்புளிக்கும்.
இரவில் அவன் வருமுன்னே அந்த வாசனை வரும்.
இருபத்திரண்டு வயதில்
ஆண்வாசனையே அதுதான் என்றிருந்தேன்.

"புகைபிடிப்பவரா?"
இங்கே பேனா நிற்கிறது.
நாளைக்கு ஆறு.
வாரியம் இந்த ஆறை எண்ணும்,
முப்பத்தொன்றை விட்டுவிடும்.
எனக்கென்ன பொய் எழுதத் தெரியாதா?
எழுது, என்று தலையசைக்கிறான்.
ஆறு.

பதினேழாவது கேள்வி:
"மனைவியின் தொழில்?"
இல்லை என்று போட்டுவிட்டேன்.
போட்டபிறகுதான் ஞாபகம் வந்தன
வெள்ளிக்கிழமைகள்.
அவனுடைய மேலுடுப்பை ஊறவைத்தால்
தொட்டியில் வானவில் மிதக்கும்.
வெறுங்கையை முழங்கைவரை விட்டு
கழன்ற பொத்தானைத் துழாவுவேன்.
அடுத்த ஈடு, அதே தொட்டியில்,
கைக்குழந்தை மிரேயின் துணிகள்.

நர்ஸ் அவன் கையில் ரப்பர் பட்டை கட்டுகிறாள்.
மூன்று குப்பி நிறைகிறது.
நான் என் சட்டைக் கையை மடிக்கிறேன்.
"உங்களுக்கு எழுதித் தரவில்லையே, மேடம்."

தெரியும்.
மடித்ததை இறக்கிவிடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
தலைக்கு மேல் குழல்விளக்கு சிமிட்டுகிறது.
பழக்கதோஷம்,
கில்பேர் அண்ணாந்து பார்க்கிறான்.
"சோக் போயிருக்கு" என்கிறான்,
"ஏணி இருக்கிறதா?"