இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்தால்

ஞாயிறு காலை ஏழரை, லோரோங் கூலிட்.
ஜோடியில்லாத செருப்பு, கரவோக்கே தட்டு,
யாருடையதோ பல்செட்டு, எல்லாம் தாண்டி
ஆ கியாட்டின் நீலத் தார்ப்பாயில் மோட்டார்கள்.
ஒவ்வொன்றுக்கும் நாலு கம்பி வால்.

எனக்கு வேண்டியது மூன்று.
நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று,
ஏறி இறங்க ஒன்று.
பாயா தெருபோங், பதினாறாம் மாடி,
துணி காயும் பால்கனியில்
அறுபதுக்கு நாற்பது சென்டிமீட்டர் இடம்.
கதவு எண், கடைப்பெயர், எது கேட்டாலும்
பலகையில் வெட்டிக் கொடுக்கும் இயந்திரம்.

சர்வோ வாங்கலாம் என்றான் தயாபரன்.
சர்வோ தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும்,
எங்கே நிற்கிறேன், எங்கே நிற்கிறேன்.
ஸ்டெப்பர் கேட்காது.
இருநூறு அடி வைத்தால் ஒரு சுற்று.
நடுவில் ஓர் அடி தவறினாலும்
போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நினைத்து நிற்கும்.
நினைத்துக்கொள்ளட்டும், விலை மூன்றில் ஒரு பங்கு.
மெதுவாக ஓட்டினால் தவறாது.

"இனி குவாட்!"
பெரியதைத் தூக்கிக் காட்டுகிறார் ஆ கியாட்.
அவருடைய 'இனி' வெறும் 'இது'தான்.
எனக்கோ ஒவ்வொரு முறையும்
வரப்போகும் நாளைப் போலக் கேட்கிறது.
குவாட்தான், நிற்கும்போது.
ஓடவிட்டால் தெரியும்.
அத்தனை சுருளிலும் மின்சாரம் ஏறுவதற்குள்
அடுத்த அடிக்கு நேரமாகிவிடும்,
வேகம் கூடக் கூடக் கை தளரும்.
நான் சின்னதையே பொறுக்குகிறேன்.

மீட்டரை வீட்டில் வைத்துவிட்டேன். பரவாயில்லை.
தண்டை விரலால் திருகினால் இளகிச் சுற்றும்.
இரண்டு கம்பிகளின் நுனியைச் சேர்த்துப் பிடித்துத் திருகு.
இறுகினால் அவை ஒரே சுருளின் இரு முனை.
இறுகாவிட்டால் ஒன்றுக்கொன்று அந்நியம்,
வேறொன்றை மாற்றிப் பிடி.

ஐந்தாவதைப் புரட்டும்போது
விலாவில் மஞ்சள் ஸ்டிக்கர்.
சரிபார்த்தது: பி.வி. அடுத்தது: மார்ச்.
என் எழுத்து.
வி-யின் வலது கொம்பு எப்போதும் நீளம்.

பாயான் லெப்பாஸ், மூன்றாவது லைன்.
அந்த மார்ச்சுக்கு முன்பே கதவைப் பூட்டினார்கள்,
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
ஒரே அளவு உறை.

ஆறு விதமாகவும் சேர்த்துப் பிடித்தேன்.
ஒரே ஒரு ஜோடிதான் இறுகியது.
மற்ற சுருள் அறுந்திருந்தது.
"பத்து வெள்ளி," என்றார் ஆ கியாட்.
என் முகத்தைப் பார்த்து, "எட்டு."
தயாபரன் பையை விரித்துவிட்டான்,
ஞாபகமாய் இருக்கட்டுமே என்று.

நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு
மோட்டாரைத் திரும்ப வைத்தேன்.
சரியில்லாத ஒன்றின் மேல்
நான் சரிபார்த்ததாக இருக்கக் கூடாது.
பக்கத்தில் கிடந்ததை எடுத்தேன். இருபத்தைந்து வெள்ளி.
பேரம் பேசவில்லை.

ஏறி இறங்கும் அச்சுக்கு மட்டும்
பால் ஸ்க்ரூ வேண்டாமென்று முடிவு.
வழுக்கிக்கொண்டு போகும், துல்லியம், எல்லாம் உண்மை.
மின்சாரம் போனால்
ஸ்பிண்டில் தன் கனத்திலேயே இறங்கிவிடும்.
சாதாரண லீட் ஸ்க்ரூ
பாதிச் சக்தியை உரசலிலேயே தின்னும்.
விழாமல் பிடித்துக்கொள்வதும் அந்த உரசல்தான்.

நேற்றிரவு இடி. ப்ளோக் முழுக்க இருட்டு.
தயாபரன் போன் வெளிச்சத்தை அடித்தான்.
ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தூக்கிய கத்தி
பலகைக்கு மேல் இரண்டு மில்லிமீட்டரில்
அப்படியே நின்றது.
கீழ்வீட்டு கக் ரோஸ்னா கேட்ட எண்,
பாதி வெட்டிய எட்டு, மூன்றைப் போல இருந்தது.

கரண்ட் வந்தாலும்
தான் எங்கே நிற்கிறோம் என்று ஸ்டெப்பருக்குத் தெரியாது.
மூலைக்குப் போய் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

"இனி?" என்றான் தயாபரன்.
தமிழிலா மலாயிலா,
நான் கேட்கவில்லை.