பதினேழாவது கேள்வி

எக்ளிண்டன் அவெனியூவில்
பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடி.
இரவு பத்து மணிக்கு உலகத்தைக் கூப்பிடுகிறேன்,
மணித்தியாலத்துக்குப் பதினெட்டு டொலர்.

"வணக்கம், நான் எதையும் விற்கவில்லை"
என்றுதான் தொடங்கவேண்டும்.
பாதிப்பேர் அதிலேயே வைத்துவிடுவார்கள்.
மீதிப்பேர் என்னோடு பதினாறு கேள்விகள் நடந்து வருவார்கள்,
விலைவாசி, பஸ், குடிதண்ணீர்.
பிறகு, குடிதண்ணீர் கேட்ட அதே குரலில்
மரண தண்டனை.

முழு ஆதரவு ஒன்று.
ஓரளவு ஆதரவு இரண்டு.
ஓரளவு எதிர்ப்பு மூன்று, முழு எதிர்ப்பு நான்கு.
தெரியாது, அல்லது சொல்ல விருப்பமில்லை: ஒன்பது.
ஐந்திலிருந்து எட்டுவரை ஏன் வெறுமையாக விட்டார்கள்
என்று பயிற்சியில் ஒருவரும் சொல்லவில்லை.

டெக்சஸில், லபக் நகரத்து மனிதர்
கேள்வி முடியமுன்னமே ஒன்று என்றார்.
பின்னால் கோப்பை கழுவும் சத்தம்.
சத்தம் நின்றது. ஏதோ பேச்சு.
"அவளுக்கு நான்காம். அதையும் எழுது."
ஒரு வீட்டுக்கு ஒரு பதில்தான், ஐயா.

பேர்த்திலிருந்து ஒரு பெண்: "யாருக்கு?"
கேள்வியை அப்படியே திரும்ப வாசிப்பது விதி.
வாசித்தேன்.
"அதுதான் கேட்கிறேன். யாருக்கு?"
திரும்பவும் வாசித்தேன்.

தமிழ் தெரியும் என்பதால் மலேசிய எண்களும் என் தலையில்.
கிள்ளானில் அப்போது பகல் பதினொன்று.
அந்த அம்மா எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொன்னார்,
கோழி விற்கிற விலையைச் சொல்லிச் சிரித்தார்.
பதினேழில் நின்றுவிட்டார்.
"இன்றைக்கு மகனைப் பார்க்கிற நாள்மா.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான்.
நீ எந்த நம்பரைக் கேட்கிறாய்?
அவனுக்கும் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள்."

இந்த அழைப்பு பதிவாகிறது.
ஒன்பதை அழுத்தினேன்.
சொல்ல மறுத்தது அவரில்லை.

இடைவேளையில் சூப்பர்வைசர் மார்லீன்
கோப்பி மூடியைக் கடித்தபடி கேட்டாள்:
"உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய்?"
கீழே உப்பு கொட்டும் வண்டி போனது.
மின்கம்பத்தைச் சுற்றி மட்டும்
பனி மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது.

எனக்குப் பதினொரு வயது, ரியூசனுக்குப் போகிற வழி.
சந்தியில் மின்கம்பத்தோடு கட்டியிருந்தார்கள்.
தலை, தூங்கிப்போன பயணியைப் போல ஒரு பக்கம்.
சைக்கிள்கள் வேகம் குறைக்கவில்லை.
கடைக்காரர் ஒரு கதவை மட்டும் சாத்தினார்,
மற்றக் கதவால் சீனி நிறுத்துக் கொடுத்தார்.
எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
ஊர் முழுக்க ஒன்பது.

கழுத்தில் தொங்கிய மட்டையில் ஒரேயொரு சொல்.
அதில் அரவு விடுபட்டிருந்தது,
துரேகி.
மனதுக்குள் அந்த அரவைப் போட்டுவிட்டு
சைக்கிளை மிதித்தேன்.

மார்லீன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.