நகம் தட்டிய இடம்

"முழுசா ஓவர்ஹால் செய்தது.
பதினாலு வருஷமாச்சு, ஒருதடவைகூட ஸ்டார்ட் பண்ணலை"
என்றார் ஹில்டிங், தார்ப்பாயை இழுத்தபடி.
சிவப்பு. தீயணைப்பு வண்டிச் சிவப்பு.
சொல்லெப்தியோவில் மார்ச் மாதம்,
கேரேஜுக்குள் மைனஸ் நான்கு.
அந்த எஞ்சின் மட்டும் சூடாக இருப்பதுபோல் பட்டது.

எனக்கு அவசரம்.
என் அறுபத்தாறு மாடல் வால்வோவின் பிளாக்
டிசம்பரில் ஒரே இரவில் வெடித்தது.
ரேடியேட்டரில் வெறும் தண்ணீர், ஊற்றியது நான்.
ஆகவே நல்ல சேதியை நம்புவதற்கென்றே வந்தவள்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிளக்குகள் நான்கும் புதியவை.
கழற்றிவிட்டு, கிராங்கின் மூக்கில் ஸ்பானர் போட்டுச் சுற்றினேன்.
சுற்றியது.
புது ரிங் போட்ட எஞ்சின் கொஞ்சமாவது முறைக்கும்,
தோள்பட்டையிடம் ஒரு வார்த்தை கேட்கும்.
இதுவோ யார் கூப்பிட்டாலும் வருவதுபோல் வந்தது.

பெயிண்டைப் பார்த்தேன்.
பிரஷ் எங்கும் நிற்கவில்லை:
கேஸ்கெட்டின் மேல், போல்ட் தலைகளின் மேல்,
இறுகிப்போன ஓர் எண்ணெய்க் கட்டியின் மேல்;
அந்தக் கட்டியில் ஒட்டியிருந்த பிர்ச் விதை ஒன்று,
அதுவும் சிவப்பு.

"திறக்கலாமா?"
அவர் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார்.
"திறக்கத்தானே வந்தாய்."

பத்து போல்ட்.
ஒவ்வொன்றும் அசையும்போது பெயிண்ட்
முட்டை ஓடுபோல் விரிந்தது.
ஹெட்டை இருவருமாகத் தூக்கி வைத்தோம்.

முதல் சிலிண்டரின் வாயருகே சுண்டுவிரல் நகத்தை வைத்து
மெல்ல மேலே இழுத்தேன்.
தட்டியது.
இரண்டாவதிலும் தட்டியது.
மூன்றில். நான்கில்.
ரிங் எட்டாத அந்த ஓர் அரிசி உயரத்தில்
இரும்பு தன் முதல் அளவை வைத்திருந்தது,
கீழே எல்லாம் தேய்மானம்.
கடைந்து பெரிதாக்கிய சிலிண்டரில் அந்தப் படி இருக்காது.

போதாதென்று கவிழ்த்து, சம்ப்பையும் இறக்கி,
ஒரு பேரிங்கை எடுத்து விளக்கடியில் பிடித்தேன்.
ஈயம் போய்ச் செம்பு சிரித்தது.
முதுகில் கம்பெனி முத்திரை, கம்பெனி அளவு.

"யார் செய்தது?"
"எஸ்கில். குன்வோரின் தம்பி."
குன்வோர் வீட்டுக்குள் இருந்தாள்;
சமையலறை சன்னலில் முழங்கை மட்டும் தெரிந்தது.
"பதினெட்டாயிரம் குரோனா கொடுத்தேன்.
அந்த வருஷம்தான் மர ஆலையில் அவனை நிறுத்தினார்கள்.
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவான்,
இங்கே வந்து தார்ப்பாயைத் தட்டிக்கொடுப்பான்.
எப்போது ஓட்டப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டதில்லை."

மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைத்து மூடினேன்.
நான் கேட்காததற்குப் பதில் சொன்னார்:
"கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கே அவன் நகத்தைப் பார்த்தேன்.
சிவப்பு இருந்தது. கருப்பு இல்லை."

ஒருவன் பூசினான்.
இன்னொருவர் பதினாலு வருஷம் மெழுகினார்.
ஓடாத வரைக்கும் அது ஓவர்ஹால் செய்த எஞ்சின்தான்.

பிறகு எனக்கொன்று உறைத்தது, கொஞ்சம் வெட்கத்தோடு.
கடையாத பிளாக் இது. விரிசல் இல்லை.
இனிமேல் கடைந்துகொள்ள முழு இரும்பும் மிச்சமிருக்கிறது.
எஸ்கில் செய்யாத வேலை எதையும் கெடுத்துவிடவில்லை.
நாலாயிரம் தருகிறேன் என்றேன்.
அவர் பேரம் பேசவில்லை.
"ஹெட்டை மாட்டிவிட்டு எடுத்துப்போ.
குன்வோர் வாசல்வரை வந்து பார்ப்பாள்."

பத்து போல்ட்டையும் கையால் முடுக்கினோம்.
அவர் அலமாரிக்குப் பின்னால் துழாவி
ஒரு சின்ன டப்பாவை எடுத்தார்.
ஸ்க்ரூடிரைவரால் மேல்தோலைக் குத்திக் கிழித்து,
விறைத்த பிரஷ்ஷால் ஒவ்வொரு போல்ட் தலைக்கும்
ஒரு சொட்டு வைத்தார்.

"இந்தக் குளிரில் காயாது" என்றேன்.

"தெரியும்" என்றார், ஏழாவதில் குனிந்தபடி.