தட்டு

ஞாயிறு விடிகாலை லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில்
ஏஜென்சி வேன் எங்களை ஏற்றிக்கொண்டது.
எலஹங்காவில் தேர்வு மையம். பெண்கள் வரிசை எனக்கு.
எழுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு அவர்களுடையது.

கையில் ஒரு கருவி கொடுத்தார்கள்,
உலோகம் கண்டால் கத்தும்.
கைப்பிடியில் போன ஆயுத பூஜையின் சந்தனம்
காய்ந்து ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமம்.
நகத்தால் சுரண்டினேன். போகவில்லை.

சுற்றறிக்கையைச் சூப்பர்வைசர் கன்னடத்தில் படித்தார்,
எனக்காகத் தமிழிலும் முக்கால்வாசி.
கயிறு கூடாது. மணி கூடாது. மூடிய காது கூடாது.
மனம் புண்படாமல் சோதிக்க வேண்டும்
என்பது கடைசி வரி.
எப்படி என்று அதில் இல்லை.

முதலில் வந்தவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு நாள்.
தாலியைத் தானே கழற்றித் தட்டில் வைத்தாள்
சாவிக்கொத்தை வைப்பதுபோல.
மெட்டிதான் வரவில்லை.
கழிவறையில் சோப்பு போட்டு
யார் பெற்ற பெண்ணோ, அவள் கால்விரலை
நான் இழுத்துக்கொண்டிருக்க
வெளியே மாமியார் அழுதாள், அபசகுனம் அபசகுனம் என்று.
"அவங்கள விடுங்கக்கா,
கணக்குதான் கஷ்டமா இருக்குமாம்" என்றாள் இவள்.

திரைக்குப் பின்னால் ரிஃபத் தபஸ்ஸும்
முக்காட்டின் குண்டூசிகளை ஒவ்வொன்றாய் எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்பது.
காதைப் பார்த்தேன்.
காதில் காது மட்டும் இருந்தது.
"போட்டுக்கோம்மா" என்றேன்.
"ஊசி இல்லாமயா?"
ஊசி உலோகம்.
இரண்டு கையாலும் துணியைப் பிடித்தபடி உள்ளே போனாள்.
எந்தக் கையால் எழுதுவாள் என்று
எனக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான்.

ஆண்கள் வரிசையில் சத்தம்.
சட்டையைத் திறந்து நின்றான் ஒரு பையன்,
பூணூல்மேல் கை வைத்து.
நூல் கயிறில் சேருமா?
சித்தலிங்கப்பா போனில் கேட்டார், "ஏன் மாடோது சார்?"
அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.
குனிந்தபோது அவர் சட்டைக்குள்ளிருந்து
வெள்ளிக் கூட்டில் லிங்கம் எட்டிப் பார்த்தது.
உள்ளே தள்ளிக்கொண்டார்.

எது பொது இடம், எது சொந்த இடம் என்று
டீவியில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.
இங்கே அது ஒரு பிளாஸ்டிக் தட்டு.
கேன்டீன் தட்டு, ஓரத்தில் சாம்பார்க் கறை.

தேர்வு அறையில் கடிகாரத்துக்கு மேலே சரஸ்வதி,
இன்றைய மாலையோடு.
அவளை இறக்கச் சொல்லி எந்த வரியும் இல்லை.
இறக்க வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை.
ஆனால் பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

கேட் மூடியபின் உட்கார்ந்தபோது கழுத்தில் உறுத்தியது:
யூனிஃபார்முக்குள் உத்தரியம்,
இரண்டு துண்டுத் துணி,
மாதா படம் வேர்வையில் மங்கி.
கருவியை என் நெஞ்சுக்கு நேரே பிடித்தேன்.
துணிக்குக் கத்தத் தெரியாது.
சோதிக்கிறவளைச் சோதிக்க
யாரையும் அனுப்பியிருக்கவில்லை.

மணி அடித்ததும் மொய்த்தார்கள்.
தாலியை வாங்கியவள் பையில் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள், பின்னால் மாமியார்.
ரிஃபத் எட்டு ஊசியை வாயில் கவ்வி
ஒன்பதாவதைக் குத்தியபடியே
"பரவால்லக்கா" என்றாள்.
தேர்வைச் சொன்னாளா, என்னையா, தெரியவில்லை.

ஒரு கவர் மிச்சம்.
கறுப்புக் கயிற்றில் செப்புத் தாயத்து.
எண் எழுத மறந்திருந்தேன்.
தர்காவில் மந்திரித்ததோ மாரியம்மன் கோயிலிலோ,
இரண்டு முனையும் மெழுகு வைத்து அடைத்திருந்தது.
பதிவேட்டில் பொருள் என்ற கட்டத்தில் கயிறு என்று எழுதினேன்.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
"கோடு போடு" என்றார் சூப்பர்வைசர்.
போட்டேன்.

வேன் வரும்வரை கேட்டையே பார்த்திருந்தேன்,
யாராவது கழுத்தைத் தடவிக்கொண்டு ஓடி வருவார்களென்று.
பிறகு, பழக்கத்தில்,
கருவியை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன்.

கத்தியது.