அரைப் பேர்

ரஜீவன் வீசினால் நான் பதினைந்து எட்டு பின்னே நிற்பேன்.
மருதவீரனுக்குக் குச்சியோடு ஒட்டி,
என் மூச்சு பெயில்ஸில் படும் தூரத்தில்.
அது தன்னைக் குறைத்துப் போடுவதென்று
முதல் வருசம் முழுக்க என்னோடு பேசவில்லை.

எங்கள் மைதானம் மலையில் வெட்டிய ஒரு படி.
ஸ்டோர் பக்கம் மேடு, ஆற்றுப் பக்கம் பள்ளம்.
இறக்கத்தில் ஓடிவருவது ரஜீவன், பத்தொன்பது வயசு.
ஏற்றத்தில், எதிர்க்காற்றில், மிஞ்சிய முனையில்
வீரன்.
ஏழே எட்டு.

"ஸ்பீடும் இல்ல, ஸ்பின்னும் இல்ல,
என்னடா இது, அரைப் பேரா?"
நோர்வூட்காரன் ஒருத்தன் கேட்டான்.
கிலோ குறைந்த நாளுக்குச் செக்ரோலில் விழுகிற அந்தப் பாதி
போன கிழமைதான்
வீரன் பெண்சாதிக்கு இரண்டு தரம் விழுந்திருந்தது.
அவன் பதில் சொல்லவில்லை.
அடுத்ததும் அதே இடத்தில் குத்தியது.
அதற்கடுத்ததும்.

இரவில் ஸ்டோரில் அவனுக்கு வாட்டு மாடி.
கொழுந்தை அள்ளிப் பொத்திப் பிடித்து விரல் விரிப்பான்,
உருண்டை குலையாமல் இருந்தால் வாட்டம் சரி.
பந்தையும் அப்படித்தான் பொத்துவான்,
எவ்வளவு பனி குடித்திருக்கிறதென்று.

எனக்குத் தெரிந்தது வேறு.
தையலைக் குறுக்கே பிடிக்கிறபோது
அவன் நாக்கு நுனி கடைவாய்க்கு வரும்.
அந்தப் பந்து பிந்தித்தான் வரும்.
மட்டை வீசி முடிந்து,
தோள் திரும்பி முடிந்து,
பிறகு.
இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.
இங்கேயும் சொல்லியிருக்கக் கூடாது.

ஐப்பசி. அரையிறுதி. ஒரு பந்து, மூன்று ஓட்டம்.
மூன்றரைக்கே மூட்டம் இறங்கிவிட்டது.
முதலில் ஸ்டோர்த் தகரம் போனது,
பிறகு கவ்வாத்து மலை,
பிறகு ஸ்கொயர் லெக்கில் நின்ற நடுவர்.
அவருடைய இருமல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.
"வெளிச்சம் காணுமா?"
காணும் என்றோம் இரண்டு பக்கமும்,
பொய்யாக.

வீரன் ஏழு எட்டு பின்னே போய்
இல்லாமல் போனான்.
ஈரப் புல்லில் சப்பாத்து. எண்ணினேன்.
ஐந்து. ஆறு.
கை மட்டும் வெளியே வந்தது.
நாக்கு தெரியவில்லை.

மட்டையின் காற்று என் முகத்தில்.
சத்தம் ஒன்று, மட்டையோ பேடோ.
என் கையில் ஒன்றுமில்லை. மூன்று குச்சியும் நிற்கிறது.
அவர்கள் ஓடுகிறார்கள்.
தேயிலைக்குள் எட்டுப் பேர்
"இங்க பாரு, அங்க பாரு" என்று செடியை விலக்குகிறார்கள்.
ஒன்று.
மறுபடி திரும்புகிறார்கள். இரண்டு.

மூட்டத்தைக் கிழிக்காமல், நடந்தே வந்து
வீரன் என் முழங்காலைக் காட்டினான்.
"காலுக்குள்ள பாரு."

இரண்டு பேடுக்கும் இடையில்,
முட்டை மாதிரி.

எடுத்தேன். தட்டினேன்.
பெயில்ஸ் விழுந்த இடம் எனக்கே தெரியவில்லை,
ஓடி வந்தவன் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றும்.
"என்ன நடந்துச்சு?"
என்று கேட்டது இருமல்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

வீரன் கத்தவில்லை. ஆறு மணிக்கு ஷிப்ட்.
காற்சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:
"குறுக்க இல்லடா.
நேராத்தான் புடிச்சேன்."