பதிவு இல்லை

கென்டக்கியில் விடியும்வரை பனிமழை.
கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்ததில்
பத்து மணிக்குத்தான் எங்கள் கட்டடத்துக்கு வெளிச்சம் வந்தது.
யெரெவானில் அப்போது இரவு ஏழு.

அங்கே, தூதரகத்தின் நான்காம் ஜன்னலில்,
ஹ்ராச்சியா என்கிற பாலப் பொறியாளன்
ஒப்புதல் கடிதத்தின் அசலை
கண்ணாடிக்கு அடியில் மதியமே தள்ளியிருக்கிறான்.
தாளில் குறையில்லை.
அதிகாரி தாளைப் பார்க்கவில்லை,
திரையைப் பார்த்தார்.
பதிவு இல்லை.

அந்த மின்னஞ்சல்தான் இப்போது என் மேஜையில்.
நான் டார்லா.
மனுக்களின் பின்னைப் பிடுங்கி
ஸ்கேனருக்கு ஊட்டுவது என் பிழைப்பு.
டென்னசியைத் தாண்டிப் போனதில்லை.

எண்ணைத் தட்டினேன். இல்லை.
பெயரைத் தட்டினேன்.
இருந்தான்.
மூன்று வாரமாக உள்ளேயே இருந்திருக்கிறான்,
யாரும் கூப்பிடாத ஓர் எண்ணில்.
மூன்றின் திறந்த வாயை
யாரோ மூடி எட்டாக்கியிருந்தார்கள்.
யாரோ என்ன, ஓரத்தில் என் அடையாள எண்.

திருத்த நான்கு நொடி.
"இப்போது தெரியும், பாருங்கள்" என்று பதில் போட்டேன்.
மன்னிப்பு என்ற சொல்லுக்கு
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.
அங்கே ஜன்னல் அடைத்திருக்கும்;
நாளைக்கு வா என்றிருப்பார்கள்.
சட்டைக்குள் அந்த அசலோடு
அவன் எந்தப் பேருந்தில் போனானோ.

மதியத்துக்கு மேல்
ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் படித்தபின் தட்டுகிறேன்.
பக்கத்து மேஜை லூயெல்லா கேட்கிறாள்,
என்ன டார்லா, ஜெபமா?
"மூன்று" என்கிறேன்.